பின்னிருக்கை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

லூன் என்னும் நீர்ப்பறவையின் குரலைப் பற்றித் தாங்கள் சென்ற மாதம் எழுதிய சிறு குறிப்பை வாசித்தேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வாரக்கணக்கில் தங்கும் ஏரிக்கரைக் கோடை முகாம் ஒன்றில் ஆறு கோடைகள் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே உறங்கியதாகவும், தங்கள் சிறுவயதின் மிக நிறைவான நாட்கள் அவையே என்றும் அதில் சொல்லியிருந்தீர்கள். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய வகுப்புத் தோழிகள் இருவர் வரும் கோடையில் அப்படி ஒரு முகாமுக்குச் செல்கிறார்கள். தானும் போயே தீர வேண்டும் என்கிறாள். என் கணவருக்குச் சம்மதம். என் அம்மாவோ, பெற்ற பிள்ளையை வாரக்கணக்கில் முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுவிட்டு உனக்குத் தூக்கம் வருமா என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தங்களிடம் கேட்கிறேன். நீங்கள் அங்கே அழவில்லையா? வயது ஏற ஏறப் பழைய நினைவுகள் எல்லாமே இனிக்கத் தொடங்குகின்றன. இதுவும் அப்படி இனித்ததுதானா? அங்கிருந்து உண்மையிலேயே தங்களிடம் எஞ்சியிருப்பது எது?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

அழுதேன். 1979ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், உங்கள் மகளின் அதே ஒன்பது வயதில், அப்பாவும் அம்மாவும் என்னை அந்த முகாமில் விட்டுவிட்டுக் கார் ஏறிய பிறகு, முதல் ஐந்து இரவுகளும் அழுதேன். பகலில் ஒன்றும் தெரியாது. இரவு விளக்கணைந்ததும் தொண்டையில் ஏதோ வந்து அடைக்கும். தலையணையை வாயில் அழுத்திக்கொள்வேன். எங்கள் கேபினில் எட்டுச் சிறுவர்கள் இருந்தோம். மரப்பலகைச் சுவர், சன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை, கொசுவலை மட்டும். மின்சாரம் கிடையாது. யாராவது மூக்கை உறிஞ்சினால் எட்டுப் பேருக்கும் கேட்கும். கேட்டும் ஒருவரும் மறுநாள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அதை அன்று நான் கவனிக்கவில்லை, பின்னாளில்தான் அந்த மரியாதை எனக்குப் புரிந்தது.

மூன்றாம் இரவு, கேபின் பொறுப்பாளராக இருந்த இளைஞர் என்னை எழுப்பி வாசற்படியில் தன்னருகே உட்கார வைத்தார். அவர் ஒரு கல்லூரி மாணவர், வயது பத்தொன்பதுதான் இருக்கும். ஏன் அழுகிறாய் என்று அவர் கேட்கவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. என்னென்ன ஓசை கேட்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். டங் டங் என்று ஓர் ஓசை கேட்டது. அது கொடிக்கம்பத்தில் கயிறு மோதும் ஓசை என்றார். சரசரவென்ற இன்னோர் ஓசை, பைன் மரங்களின் உச்சியில் மட்டும் காற்று போவது. பிறகு ஏரியின் நடுவிலிருந்து, ஓநாய் ஊளையிடுவதைப் போல நீண்டு எழுந்து அடங்கும் ஒரு குரல். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அது லூன், தன் துணை எங்கே இருக்கிறது என்று கேட்கிறது, கொஞ்சம் பொறு, மற்றது பதில் சொல்லும் என்றார். காத்திருந்தோம். நெடுந்தொலைவிலிருந்து பதில் வந்தது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் இரண்டு இரவுகள் அழுதேன் என்றாலும், அந்த இருட்டில் எனக்குத் தெரியாத ஓசை ஏதும் அதன்பின் இல்லை.

ஆகவே உங்கள் மகளும் அழக்கூடும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஏக்கம் என்பது முகாமுக்குச் செல்லும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏதோ ஓர் அளவில் வருவதுதான் என்று, இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர் எழுதியிருக்கிறார். அவரும் எட்வர்ட் வால்டனும் சேர்ந்து அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்துக்காக 2007இல் எழுதிய அறிக்கையில் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. "பிடிக்காவிட்டால் உடனே வந்து அழைத்துக்கொள்கிறேன்" என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள் என்பதே அது. பிரியத்தினால் சொல்லப்படும் அந்தச் சொல், நீ அங்கே தாக்குப்பிடிக்க மாட்டாய் என்று அம்மாவே எண்ணுகிறாள் என்றுதான் பிள்ளையின் காதில் விழுகிறது. என் அம்மா அப்படி ஏதும் சொல்லவில்லை. காரில் ஏறும்முன், "ஞாயிற்றுக்கிழமை கடிதத்தில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று எழுது" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போயிருந்தார் என்பதை இப்போது வியப்புடன் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து, நினைவு இனித்துப்போனதா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான ஐயம். அதனால் இனிக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். காலை நீச்சலுக்கு ஏரியில் இறங்கும்போது, ஜூன் மாதத் தண்ணீர் மூச்சை நிறுத்திவிடும். கொசுக்களும் கரும் ஈக்களும் காதோரத்தை ரத்தமாக்கிவிடும். கழிப்பறை கழுவும் முறை வாரத்துக்கு ஒருநாள் ஒவ்வொரு கேபினுக்கும் வரும், அதிலிருந்து யாருக்கும் விலக்கில்லை. இரண்டாம் ஆண்டு ஒன்பது நாட்கள் விடாமல் மழை பெய்தது. துவைத்த துணி எதுவும் காயவில்லை, காலுறைகளில் பூஞ்சை மணம் ஏறிவிட்டது. நான் ஓட்டப்பந்தயத்தில் எப்போதும் கடைசி. கொடியைக் கவர்ந்துவரும் விளையாட்டுக்கு அணி பிரிக்கும்போது என் பெயர் முதல் பாதியில் ஒருமுறைகூட வந்ததில்லை. இவற்றில் எதுவும் எனக்கு இன்று இனிக்கவில்லை. ஆனால் இவை எல்லாம் அந்த வாழ்க்கைக்குள்ளேயே இருந்தன, அதை அழித்துவிடவில்லை.

அந்த வாழ்க்கை எப்படி உண்டானது என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அம்மாவின் கேள்விக்கான விடை அதில் கொஞ்சம் இருக்கிறது. 1861ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய சில மாதங்களுக்குள், கனெக்டிகட் மாநிலத்தில் வாஷிங்டன் என்னும் ஊரில் பள்ளி நடத்திவந்த ஃபிரெடெரிக் வில்லியம் கன் என்பவர், படைவீரர்களைப் போல வெளியில் தங்க வேண்டும் என்று ஆசைப்பட்ட தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு சுமார் 40 மைல் நடந்து கடற்கரைக்குச் சென்று இரண்டு வாரம் கூடாரமடித்துத் தங்கினார். கோடை முகாமின் தொடக்கம் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது அந்தப் பயணம்தான். எங்கள் முகாமில் விடியற்காலை எழுப்பியதும் இரவு உறங்கச் சொன்னதும் எக்காளம்தான் என்பதற்கு அந்தப் படைவீட்டு வேர்தான் காரணம். இரவில் ஒலித்த டாப்ஸ் என்னும் இசை, கன் தம் மாணவர்களுடன் நடந்த மறு ஆண்டில், அதே போரில், வர்ஜீனியாவில் பாசறை இட்டிருந்த டேனியல் பட்டர்ஃபீல்ட் என்னும் படைத்தலைவர் பழைய அழைப்பொலி ஒன்றைத் தம் எக்காளக்காரரைக்கொண்டு மாற்றியமைத்தது. மொத்தம் 24 சுரங்கள். ஏரிக்கு மேல் அது போய், எதிர்க்கரைக் குன்றில் பட்டு, மெலிந்து திரும்பி வரும். திரும்பி வந்த ஒலி அடங்கும் வரை ஒருவரும் பேசக்கூடாது என்பது எழுதப்படாத விதி.

ஆனால் நான் மிகவும் மதிக்கும் தொடக்கம் அதற்கு இருபது ஆண்டுகள் பிந்தையது. எர்னஸ்ட் பால்ச் என்ற இளைஞர் 1881இல் நியூ ஹாம்ப்ஷயரின் ஸ்குவாம் ஏரித் தீவொன்றில் சொகோருவா முகாமை நிறுவினார். வசதியுள்ள குடும்பத்துச் சிறுவர்கள் கோடை முழுவதையும் பெற்றோருடன் விடுதிகளில் வெறுமனே கழிப்பதைப் பார்த்து அவர் மனம் வருந்தினார். தம் தீவில் வேலைக்காரர்கள் எவரும் இருக்கக்கூடாது என்று முடிவு செய்தார். சமைப்பது, பாத்திரம் கழுவுவது, படகுகளைப் பழுது பார்ப்பது எல்லாம் சிறுவர்களே. 1889 வரைதான் அந்த முகாம் நடந்தது. இருந்தும் பின்னால் வந்த எத்தனையோ முகாம்களுக்கு அதுவே வடிவம் தந்தது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டால், பெரும்பகுதி அவர்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் முகாமிலும் அப்படித்தான். உங்கள் அம்மா அஞ்சும் அந்த "முன்பின் தெரியாதவர்கள்", பெரும்பாலும் அதே கேபின்களில் அதே கட்டில்களில் படுத்து அழுதுவிட்டுப் பெரியவர்கள் ஆனவர்கள். கேபினின் உத்தரத்தில் ஆண்டுதோறும் அங்கே தங்கியவர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் வண்ணத்தில் எழுதிவைப்பது வழக்கம். என் கட்டிலுக்கு நேர் மேலே, பத்து ஆண்டுகளுக்கு முந்தைய வரியில், எங்கள் பொறுப்பாளரின் பெயர் கோணல்மாணலான எழுத்தில் இருந்தது.

ஏரியைப் பற்றிய அச்சமும் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். நீச்சல் துறையில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட ஒரு வில்லை. தண்ணீரில் இறங்கும்போது அதைத் திருப்பி மாட்ட வேண்டும், ஏறியதும் பழையபடி திருப்ப வேண்டும். ஒருவரும் தனியாக இறங்க முடியாது, இணை கட்டாயம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊதல் ஒலித்ததும், எங்கே இருந்தாலும் இணையைத் தேடிப் பிடித்து இருவர் கையையும் சேர்த்து மேலே தூக்கி நிற்க வேண்டும். கரையிலிருந்து எண்ணுவார்கள். எண்ணிக்கை பலகையுடன் பொருந்தும் வரை ஏரி முழுவதும் அசையாது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் முகாமைப் போய்ப் பார்க்கும்போது இந்த ஒன்றை அவசியம் நேரில் நின்று பாருங்கள். பிள்ளைகள் எவ்வளவு விரைவாக இணையின் கையைப் பிடிக்கிறார்கள் என்பதிலேயே அந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும். எனக்கு அந்தக் கணம் மிகவும் பிடித்தமானது. ஓட்டத்தில் கடைசியாக வருபவனையும் ஒருவன் நாள்தோறும் பலமுறை தேடி நீந்தி வந்து கையைப் பிடித்தாக வேண்டியிருந்தது அல்லவா?

வருத்தத்தோடு ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். பழைய முகாம்கள் பலவற்றைப் போலவே எங்கள் முகாமிலும் கேபின்களுக்குப் பூர்வகுடி இனங்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். இறுதிவார நெருப்பைச் சுற்றி இறகு சூடி ஆடினோம். அந்த ஏரி அபனாக்கி மக்களின் நிலத்தில் இருக்கிறது என்றோ, அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அப்பகுதிகளில் வாழ்கிறார்கள் என்றோ எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு மக்களின் சடங்கைப் பொம்மையாக்கி விளையாடினோம் என்பது தவறுதான். அந்த நெருப்பின் வெம்மை என் நினைவில் எவ்வளவு இனியதாக இருந்தாலும் அந்தத் தவறு குறைந்துவிடாது. இப்போது பல முகாம்கள் அந்த வழக்கங்களைக் கைவிட்டுவருகின்றன. உங்கள் மகள் செல்லும் இடம் கைவிட்டுவிட்டதா என்று தயங்காமல் கேளுங்கள்.

எஞ்சியது எது என்பதே உங்கள் கடைசிக் கேள்வி. பலவற்றைச் சொல்லலாம். காய்ந்து விழுந்த பிர்ச் மரத்தின் பட்டை நனைந்திருந்தாலும் பற்றிக்கொள்ளும் என்பது கைக்குத் தெரியும், உயிருள்ள மரத்தில் அதை உரிக்கக் கூடாது என்பதும். ஆகஸ்ட் 12ஐ ஒட்டிய இரவுகளில், முகாம் முடியும் வாரத்தில், புல்வெளியில் போர்வை விரித்துப் படுத்துப் பெர்சீட் எரிகற்களை எண்ணியதால், இன்றும் அந்த நாட்களில் என்னால் வீட்டுக்குள் உறங்க முடிவதில்லை. மதிய ஓய்வுப் பொழுதில் கட்டிலில் படுத்தபடி எழுதியே ஆக வேண்டியிருந்த கடிதங்களை அம்மா ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ஞாயிறன்று கடிதத்தைக் காட்டினால்தான் உணவுக்கூடத்துக்குள் விடுவார்கள் என்பதால் எழுதப்பட்டவை அவை. எழுத்தாளன் என்று இன்று என்னை அழைக்கிறீர்கள், நான் இடைவிடாமல் எழுதப் பழகியது அந்தக் கட்டிலில்தான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் எஞ்சியிருப்பது கனூ என்னும் சிறு துடுப்புப் படகின் பின்னிருக்கை.

கனூவில் இருவர் அமர்ந்தால், முன்னால் இருப்பவர் வலுவாகத் துடுப்பு போடுவார், அவருடைய தாளத்தைத்தான் மற்றவர் பின்பற்ற வேண்டும். திசையைப் பார்ப்பது பின்னால் இருப்பவரின் பொறுப்பு. பின்னிருந்து ஒரே பக்கமாகத் துடுப்பு போட்டுக்கொண்டே போனால் படகு மறுபக்கம் திரும்பிவிடும். அதைத் திருத்த, துடுப்பை இழுத்து முடிக்கும் இடத்தில் மேற்கையின் கட்டைவிரல் கீழ்நோக்கும்படி மணிக்கட்டைத் திருப்பி, துடுப்பின் தட்டையைப் படகிலிருந்து மெல்ல வெளியே தள்ள வேண்டும். துடுப்பு தண்ணீரில் ஆங்கில ஜே எழுத்தை வரைவதால் அதற்கு ஜே வீச்சு என்றே பெயர். சொன்னால் ஒரு வரி. கைக்கு வர எனக்கு இரண்டு கோடைகள் ஆயின. முதல் ஆண்டு முழுவதும் நான் முன்னிருக்கையில்தான் உட்கார்ந்தேன். முன்னிருக்கையில் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவர் தெரிவதில்லை. துடுப்பின் சத்தமும், படகு நேராகப் போகிறது என்பதும் மட்டுமே தெரியும். வாசற்படியில் என்னுடன் அமர்ந்த அதே இளைஞர்தான் பின்னால் இருப்பார். எட்டு வாரத்தில் ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்த்ததாக நினைவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் ஆண்டு அவர் என்னைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டுத் தான் முன்னால் போய் உட்கார்ந்தார். படகு வட்டமடித்தது. மறுபடியும் வட்டமடித்தது. அல்லி இலைகளுக்குள் போய்ச் சிக்கியது. பத்தொன்பதோ இருபதோ வயதான, தோள் அகன்ற அந்த மனிதர், ஒரு வார்த்தை சொல்லாமல், முதுகைத் திருப்பாமல், தன் தாளத்தை மாற்றாமல் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். எங்கே கொண்டுபோவேன் என்றே தெரியாத ஒரு பத்து வயதுச் சிறுவனிடம் தன் முதுகைக் காட்டி அமர்ந்திருந்தார். என்னை அதுவரை அன்பு செய்தவர்கள் பலர் உண்டு. வீட்டில் என்னை உயிராகத்தான் வளர்த்தார்கள். ஆனால் அப்படி முதுகைக் காட்டி என்னிடம் எவரும் அமர்ந்ததில்லை, பெற்றவர்களால் அது இயலாது என்றும் நினைக்கிறேன். பெற்றவர்களின் கண் எப்போதும் பிள்ளையின் மேல்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம், ஆனால் புரிந்துகொள்வார்.

1984, என் கடைசிக் கோடை. எனக்குப் பதினான்கு வயது. அந்த இளைஞர் அதற்கு முன்பே படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டிருந்தார். மூத்த சிறுவர்கள் இளையவர்களைக் கூட்டிக்கொண்டு தீவுக்குப் போய் ஓரிரவு தங்கித் திரும்பும் வழக்கம் உண்டு. என் முன்னிருக்கைக்கு வந்தவன் அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த ஒன்பது வயதுப் பையன். முந்தைய இரவுகளில் அவன் கேபினிலிருந்து மூக்கு உறிஞ்சும் ஓசை வந்ததை நான் கேட்டிருந்தேன். பாதி ஏரி கடந்ததும் எதிர்க்காற்று கிளம்பியது. அலை படகின் மூக்கில் ஏறி அவன் மடியில் தெறித்தது. அவன் துடுப்பை நிறுத்தவில்லை. எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு லூன் தலையைத் தூக்கி, தன் சிவந்த கண்ணால் எங்களைப் பார்த்துவிட்டு, ஓசையே இல்லாமல் தண்ணீருக்குள் போனது. எங்கே எழும் என்று இருவரும் தேடினோம். இடப்பக்கம் வெகுதொலைவில் எழுந்தது. அவன் அதைத் துடுப்பால் சுட்டிக்காட்டிவிட்டு, மீண்டும் முன்னால் பார்த்து, விட்ட தாளத்தில் துடுப்பு போடத் தொடங்கினான். தீவு வரும் வரை அவன் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்புடன்.